வேலையிடத்துச் சிரிப்பு யார் கையில் இருக்கிறது?

2022 நவம்பர் 9 அன்று பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பாரிஸில் இருக்கும் ஆலோசனை நிறுவனம் ஒன்று, மூத்த பொறுப்பில் இருந்த ஊழியர் ஒருவரை 2015இல் வேலையை விட்டு அனுப்பியிருந்தது. அவர்மேல் அடுக்கப்பட்ட குறைகளில் ஒன்று, நிறுவனத்தின் கொண்டாட்டங்களில் அவர் மனமொப்பிக் கலந்துகொள்ளவில்லை என்பது. வேலையிலும் கெட்டி, ஜாலியிலும் கெட்டி என்று இருப்பதைத் தன் கொள்கையாகவே வைத்திருந்த நிறுவனம் அது. அந்தக் கொண்டாட்டங்களில் மது தாராளமாக ஓடியது, ஆபாசமான விளையாட்டுகள் நடந்தன, ஊழியர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டினார்கள். அவர் ஒதுங்கி நின்றார். அப்படி ஒதுங்குவது அவருடைய கருத்துச் சுதந்திரத்துக்குள் வருவது, அதைக் காரணமாகக் காட்டி வேலையைப் பறித்தது செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லை மீறிய ஒரு நிறுவனத்தின் கதை என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் நினைப்பு சென்னை, கோவை, பெங்களூரு அலுவலகங்களிலும் சகஜம்தான். ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும், அதை நிர்வாகம் ஏற்பாடு செய்யும், ஊழியர்கள் வந்து கலந்துகொள்ள வேண்டும் என்பதே அந்த நினைப்பு. வெள்ளிக்கிழமை விளையாட்டு, மாதக் கடைசியில் பிறந்தநாள் கேக், வேட்டி சேலை நாள், கோலப்போட்டி, வருடத்துக்கு ஒருமுறை ஏற்காடு. ஏற்பாடு செய்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். மனிதவளத் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தன் வேலைகளுக்கு நடுவே ஓடியாடி பலூன் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அப்படியும் பல இடங்களில் அந்த அரை மணி நேரம் முடிந்ததும் எல்லோரும் அப்பாடா என்று இருக்கைக்குத் திரும்புகிறார்கள். அதே ஆட்கள் கொஞ்ச நேரம் கழித்து வாசல் டீக்கடையில் நின்று வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? நூறு வருட ஆராய்ச்சியும், அதற்கும் முந்தைய தொழிலாளர் அனுபவமும் இதற்குப் பதில் சொல்கின்றன. என் புரிதலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலையிடத்து மகிழ்ச்சியை உண்டாக்குகிறவர்கள் அங்கே வேலை செய்கிறவர்கள். நிர்வாகத்தால் செய்ய முடிந்தது, அதற்கு நேரமும் இடமும் மரியாதையும் கொடுப்பது.

வாழைப்பழ நேரம்

டொனால்ட் ராய் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் தொழிற்சாலைகளில் தொழிலாளியாகவே சேர்ந்து, உள்ளே இருந்தபடி மனிதர்களைக் கவனித்தவர். 1959–60இல் வெளிவந்த அவருடைய ஒரு கட்டுரை, இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் எடுத்துப் படிப்பது. அவர் வேலை பார்த்தது ஒரு தொழிற்சாலையின் தனி அறை. உள்ளே சில அச்சுவெட்டு இயந்திரங்கள், அவரையும் சேர்த்து நான்கு ஆட்கள். வெட்ட வேண்டிய பொருளைப் பரப்பி, அச்சை வைத்து, இயந்திரத்தை அழுத்த வேண்டும். மறுபடி பரப்பி, வைத்து, அழுத்த வேண்டும். நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள்.

முதல் சில நாட்கள் ராய்க்கு நரகம். நேரத்தைத் தள்ள அவர் தனக்குள்ளேயே சின்ன விளையாட்டுகளை உண்டாக்கிக்கொண்டார். இந்த நிறத்தில் இத்தனை வெட்டினால் அடுத்து அந்த நிறம் என்று தனக்குத் தானே பரிசு வைத்துக்கொண்டார். கூட இருந்தவர்கள் பேசுவதெல்லாம் முதலில் அவருக்கு அர்த்தமில்லாத கூச்சலாகத்தான் கேட்டது. பிறகு மெல்ல அதில் ஒரு ஒழுங்கு பிடிபட்டது.

கட்டுரையில் அவர்களுக்கு ஐக், சாமி, ஜார்ஜ் என்று பெயர். காலையில் சாமி தன் பீச் பழங்களை எடுத்து எல்லோருக்கும் பங்கு போடுவார். அது பீச் நேரம். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து, சாமியின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து வாழைப்பழத்தை ஐக் திருடி, ‘வாழைப்பழ நேரம்!’ என்று கத்திக்கொண்டே விழுங்குவார். சாமி சண்டைக்குப் போவார். ஜார்ஜ் நடுவில் புகுந்து மெல்லக் கண்டிப்பார், சில நாள் சாமியையே திட்டுவார். இது தினமும் நடந்தது. சாமி தினமும் ஒரு பழம் கொண்டு வந்தார், ஒருநாளும் அதைச் சாப்பிட்டதில்லை. அப்புறம் ஜன்னல் நேரம்: ஐக் ஜன்னலைத் திறந்து குளிர்காற்றை உள்ளே விட, சாமி கத்த வேண்டும். மதியத்துக்கு மேல் மீன் நேரம், சாயங்காலம் கோக் நேரம். 12 மணி நேரத்தின் தட்டையான நீளத்தை இவர்கள் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் இது உடைந்தது. ஜார்ஜின் சம்பந்தி, அதாவது அவர் மருமகனின் அப்பா, கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். ஜார்ஜுக்கு அதில் ஏகப் பெருமை. அந்தச் சம்பந்தி முடிதிருத்தும் பள்ளியில் பாடம் எடுக்கிறார் என்று ராயும் ஐக்கும் சேர்ந்து ஒரு கதை கட்டினார்கள். ஜார்ஜுக்கு மனது புண்பட்டுவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு வாரம் அந்த அறையில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. பீச் இல்லை, வாழைப்பழம் இல்லை. அந்த நாட்களில் வேலையின் களைப்பு முழு பலத்தோடு திரும்பி வந்ததை ராய் தன் உடம்பிலேயே உணர்ந்தார். வேலை அதேதான், இயந்திரமும் அதேதான்.

இதில் மூன்று விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, அந்த அறையில் யாரும் விளையாட்டை ஏற்பாடு செய்யவில்லை. வழக்கமாக மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாத அறை என்பதால்தான் இதெல்லாம் முளைத்தது. இரண்டாவது, இந்த விளையாட்டுகளால் உற்பத்தி கூடியது என்று ராய் சொல்லவே இல்லை. மனிதர்கள் அந்த வேலையில் புத்தி பேதலிக்காமல் தாக்குப்பிடித்தது பற்றித்தான் அவர் எழுதினார். மகிழ்ச்சியான ஊழியர் அதிகம் உழைப்பார், அதனால் மகிழ்ச்சியில் முதலீடு செய்யுங்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இந்த அடக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். மனிதன் நாளில் பாதியைக் கழிக்கும் இடம் தாங்கும்படியாக இருக்க வேண்டும் என்பதே போதுமான காரணம். மூன்றாவது, கேலிக்கு ஓர் எல்லை உண்டு. வாழைப்பழத்தைத் திருடலாம், ஒருவர் தன் குடும்பத்தின்மேல் வைத்திருக்கும் பெருமையைத் தொடக்கூடாது. எந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை அந்த அறையில் இருந்தவர்களே அறிவார்கள், அவர்களுக்கே அது ஒருமுறை தவறியது. வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் அதை எப்படி அறிவார்?

சுருட்டுத் தொழிற்சாலையின் வாசகர்

வேலை நேரத்து மகிழ்ச்சிக்குத் தொழிலாளர்களே பணம் கொடுத்து, தாங்களே நடத்திய ஓர் ஏற்பாடும் சரித்திரத்தில் உண்டு. கியூபாவின் ஹவானாவில் 1865இல் அது தொடங்கியது. சுருட்டு சுற்றுகிறவருக்குக் கையும் கண்ணும் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். பெரிய இயந்திரச் சத்தம் கிடையாது. அந்தக் கூடத்தில் உயரமான மேடை ஒன்றைப் போட்டு, அதில் ஒருவர் உட்கார்ந்து உரத்த குரலில் வாசிப்பார். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். செர்வான்டெஸ், விக்டர் ஹியூகோ, அலெக்சாந்தர் தூமா, எமிலி ஸோலா எல்லோரும் அந்தக் கூடங்களில் கேட்கப்பட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிகூட நாவலின் பாத்திரங்களைப் பற்றி வாதாடுவார்.

வாசகரின் சம்பளத்தை முதலாளி கொடுக்கவில்லை. தொழிலாளர்கள் வாரா வாரம் தங்கள் கூலியிலிருந்து பங்கு போட்டுக் கொடுத்தார்கள். வாசகரைச் சோதித்துத் தேர்ந்தெடுத்ததும், அடுத்து என்ன நாவல் என்று ஓட்டுப் போட்டதும் அவர்களே. ஸ்பானிய ஆட்சிக்கு இது உறுத்தியது. அடுத்த வருடமே, 1866இல், தடை வந்தது. தடை பிறகு தளர்ந்தது, வாசிப்பு திரும்பியது. கியூபாவிலிருந்து புலம்பெயர்ந்த சுருட்டுத் தொழிலாளர்கள் அமெரிக்காவின் கீ வெஸ்டுக்கும் டாம்பாவுக்கும் இந்த வழக்கத்தைக் கொண்டு போனார்கள்.

டாம்பாவில் இது 1931 வரை நீடித்தது. வாசகர்கள் தீவிரக் கருத்துள்ள பத்திரிகைகளைப் படித்துத் தொழிலாளர்களைக் கிளப்பிவிடுகிறார்கள் என்று சொல்லி, அந்த வருடக் கடைசியில் ஆலை முதலாளிகள் வாசிப்பை நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாசிப்பு திரும்பவில்லை. வாசகரின் இடத்தை வானொலிப் பெட்டி எடுத்துக்கொண்டது. வானொலியும் பொழுதுபோக்குத்தான், இன்னும் சொல்லப்போனால் அதில் பாட்டு வேறு. ஆனால் எதைக் கேட்பது என்ற முடிவு கைமாறிவிட்டது. இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான பாடம் இந்த மாற்றம்தான். கியூபாவில் சுருட்டு ஆலை வாசிப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது, அதைத் தேசியப் பண்பாட்டு மரபாகவும் அறிவித்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே இதற்கு உறவுள்ள ஒரு வழக்கம் இருந்தது. வடகேரளத்தின் பீடிப் பட்டறைகளில் தொழிலாளர் ஒருவர் செய்தித்தாளையும் புத்தகத்தையும் உரக்கப் படிப்பார். படிக்கிறவரால் அந்த நேரத்தில் பீடி சுற்ற முடியாது. அவர் பங்கை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். 1969இல் கண்ணூரில் உருவான தினேஷ் பீடித் தொழிலாளர் கூட்டுறவிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. கூலி பீடிக் கணக்கில் வரும் இடத்தில், ஒருவர் வாசிப்பதற்காக மற்றவர்கள் தங்கள் பீடிகளை விட்டுக்கொடுத்தார்கள். அந்த வாசிப்பு அவர்களுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வயலில் நாற்று நடும் பெண்கள் ஒருத்தி அடியெடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் நடவுப் பாட்டும், ஏற்றத்தில் தண்ணீர் இறைத்தவர்களின் ஏற்றப்பாட்டும் இதே குடும்பம்தான். கைவேகத்துக்குப் பாட்டு, பாட்டுக்குள் பண்ணையாரைப் பற்றிய குத்தல், ஊர்க்கதை, கண்ணீர். வேலை கடுமையானது, கூலி சொற்பம். பாட்டு அந்தக் கொடுமையை நியாயமாக்கிவிடாது. ஆனால் பாட்டு அவர்களுடையதாக இருந்தது.

ஹாதோர்னில் என்ன நடந்தது

நிர்வாகவியல் படித்தவர்களுக்கு ஹாதோர்ன் ஆய்வு பாலபாடம். சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலை இருந்தது. 1924இல் வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று சோதிக்கத் தொடங்கியவர்கள், 1927இல் ரிலே என்ற சின்னத் தொலைபேசிக் கருவியைப் பூட்டும் சில இளம்பெண்களைத் தனி அறையில் உட்கார வைத்துப் பல வருடம் கவனித்தார்கள். இடைவேளை கொடுத்தார்கள், சிற்றுண்டி கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள். உற்பத்தி ஏறியது. இடைவேளைகளை எடுத்துவிட்டுப் பழைய 48 மணி நேர வாரத்துக்குத் திரும்பியபோதும் உற்பத்தி சரியவில்லை. தங்களைக் கவனிக்கிறார்கள், மதிக்கிறார்கள் என்ற உணர்வுதான் காரணம் என்று ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோவும் கூட்டாளிகளும் விளக்கம் சொன்னார்கள்.

இந்த விளக்கத்தைத்தான் மேடைகளில் கேட்கிறோம். கதையின் மற்ற பகுதிகளை யாரும் சொல்வதில்லை. அந்த அறைக்கு வந்தபோது பெண்களின் கூலி முறையே மாறியது. பெரிய துறையின் மொத்த உற்பத்தியை வைத்துக் கணக்கிட்ட கூலி, இப்போது அந்தச் சின்னக் குழுவின் உற்பத்தியை வைத்துக் கணக்கிடப்பட்டது. உழைப்பின் பலன் நேரே கைக்கு வந்தது. வழக்கமான கெடுபிடி மேற்பார்வை தளர்ந்து, பேசிக்கொண்டே வேலை செய்ய முடிந்தது. அதற்கும் வரம்பு இருந்தது: அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்களை நடுவிலேயே மாற்றிவிட்டார்கள். ஆக ‘கொஞ்சம் அக்கறை காட்டினால் போதும்’ என்பது அந்த ஆய்விலிருந்து கிடைக்கும் முடிவு அல்ல. கூலி, நேரம், மேற்பார்வை மூன்றும் ஒரே சமயத்தில் மாறின.

அதே தொழிற்சாலையில் நடந்த இன்னொரு வேலை இவ்வளவு பேசப்படுவதில்லை. 1928 முதல் சில வருடங்களில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உட்கார வைத்துப் பேட்டி எடுத்தார்கள். முதலில் கேள்விப்பட்டியலோடு போனார்கள். தொழிலாளர்களோ கேள்விக்குப் பதில் சொல்லாமல் தங்கள் மனதில் இருப்பதைப் பேசினார்கள். பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்பது என்று முறையையே மாற்றிக்கொண்டார்கள். இன்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லும் ஆன்லைன் படிவங்களை வருடத்துக்கு இரண்டு முறை அனுப்புகிற நிறுவனங்கள், கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முந்தைய அந்த மாற்றத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முதலில் நாற்காலி

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலோ, மதுரையிலோ, நெல்லையிலோ ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குள் போனால், புடவையை விரித்துக் காட்டுகிறவர்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றபடி இருப்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். கூட்டம் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாம். கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், முதுகு வலி, சிறுநீரை அடக்குவதால் வரும் தொல்லைகள் என்று இதன் விலை உடம்பில் இறங்கியது.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டுத்தான் ஒன்று சேர்ந்தார்கள். தையல் தொழிலாளியான விஜி முன்னின்று உருவாக்கிய ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பு அதைத் தொடர்ந்து உட்காரும் உரிமையையும் கையில் எடுத்தது. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் 1947ஆம் வருடக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. கடைகளில், நிறுவனங்களில் வேலை செய்யும் எல்லோருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரும் வாய்ப்பு கிடைத்தால் உட்கார அது உதவ வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் வந்த பிறகும் நாற்காலி போட்டு வைத்திருக்கும் கடைகளில் உட்கார அனுமதிக்கிறார்களா என்பது வேறு கேள்வி. ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்த பெண்ணை மேற்பார்வையாளர் ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்த முக்காலி கடைசிவரை காலியாகவே இருக்கும்.

பணியிட மகிழ்ச்சி என்று ஆரம்பித்துவிட்டு நாற்காலிக்கு வந்துவிட்டேன் என்று சிலருக்குத் தோன்றலாம். இவை இரண்டும் எங்கே சேர்கின்றன என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் ஒரு விளக்கம் சொன்னார். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, 1959இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலையில் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த தருணத்தைச் சொல்லுங்கள், மிகவும் நொந்துபோன தருணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இரண்டுக்கும் வந்த காரணங்கள் வேறு வேறாக இருந்தன. நொந்த கதைகளில் நிறுவனத்தின் விதிகள், மேலதிகாரி, வேலைச் சூழல் ஆகியவை வந்தன. மகிழ்ந்த கதைகளில் சாதித்தது, பாராட்டு கிடைத்தது, வேலையே பிடித்திருந்தது, பொறுப்பு வந்தது போன்றவை வந்தன. நல்லது நடந்தால் நம் திறமை, கெட்டது நடந்தால் சூழ்நிலை என்று சொல்வது மனித இயல்பு, அதுதான் இந்த முடிவாக வந்திருக்கிறது என்று பிற்பாடு விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. இருந்தாலும் ஒரு பயன் மிஞ்சுகிறது: துன்பத்தை நீக்குவது ஒரு வேலை, மகிழ்ச்சிக்கு வழி விடுவது இன்னொரு வேலை. நாற்காலி கொடுத்ததும் யாரும் துள்ளிக் குதிக்கப் போவதில்லை. ஆனால் நாற்காலி கொடுக்காத கடை தீபாவளிக்கு முன்னால் ஊழியர்களுக்கு ஆட்டம்பாட்டம் வைத்தால், கால் வலியோடு நிற்கிறவருக்கு அது வேதனையாகத்தான் இருக்கும்.

அதனால் செலவு செய்ய மனமுள்ள முதலாளிகளுக்கு நான் சொல்வது வரிசையைத்தான். கழிப்பறை, குடிதண்ணீர், இருக்கை, சரியான நேரத்துக்குச் சம்பளம், முன்கூட்டியே தெரியும் ஷிப்ட் அட்டவணை, கேட்டால் கிடைக்கும் விடுப்பு. இவையெல்லாம் முடிந்த பிறகு டேபிள் டென்னிஸ் மேஜை வாங்குங்கள், நன்றாக இருக்கும்.

வேலையே தரும் சந்தோஷம்

இன்னொரு ஆய்வு என் மனதுக்கு நெருக்கமானது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் தெரேசா அமாபிலியும் உளவியலாளர் ஸ்டீவன் கிராமரும் 7 நிறுவனங்களில் 238 பேரிடம் தினமும் ஒரு சின்ன நாட்குறிப்பு எழுதச் சொல்லி, கிட்டத்தட்ட 12,000 குறிப்புகளைச் சேர்த்தார்கள். மனது நன்றாக இருந்த நாட்களில் பெரும்பாலும் என்ன நடந்திருந்தது? அர்த்தமுள்ளதாகத் தோன்றிய வேலையில் அன்றைக்கு ஓர் அடி முன்னே போயிருந்தார்கள். பெரிய வெற்றியாக இருக்க வேண்டியதில்லை. மூன்று நாளாகப் பிடிபடாத பிழை பிடிபட்டது, முரண்டு பிடித்த இயந்திரம் ஓடியது, தலை ஆட்டாத வாடிக்கையாளர் தலையாட்டினார். மனது சோர்ந்த நாட்களில் வேலை பின்னால் போயிருந்தது, அல்லது யாரோ காரணமில்லாமல் தடுத்திருந்தார்கள். ஊழியர்களை எது ஊக்குவிக்கும் என்று மேலாளர்களிடம் தனியாகக் கேட்டபோது, இந்த முன்னேற்றத்தை முதலிடத்தில் வைத்தவர்கள் மிகக் குறைவு.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பட்டறைகள்தான் நினைவுக்கு வந்தன. லேத் பட்டறையில் ஒரு பையன் முதல்முறை சரியான அளவில் திரெட் வெட்டி, நட்டைப் போட்டுச் சுற்றிப் பார்த்து முகம் மலரும்போது, பக்கத்தில் இருக்கும் மேஸ்திரி, ‘பரவாயில்லடா, கை வந்துருச்சு’ என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எந்தக் கேக்கும் வராது. ஆயுத பூஜை அன்று அதே பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை பங்கிடும்போது வரும் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், அது வேலையோடும் கருவியோடும் ஒட்டியது. கொண்டாடப்படுவது அவர்கள் கைப்பழக்கம். அதை நடத்துவதும் பெரும்பாலும் அவர்களே: வாழைக்கன்று கட்டுவது ஒருவர், பூசணிக்காய் உடைப்பது ஒருவர், வருடா வருடம் மாலை வாங்கி வரும் பொறுப்பு ஒருவருக்கு. முந்தின நாளே இயந்திரத்தை நிறுத்தி நேரம் கொடுப்பதும் இனாம் கொடுப்பதும் முதலாளியின் பங்கு.

அலுவலக மேலாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. தன் குழுவில் யாருடைய வேலை எதனால் முடங்கிக் கிடக்கிறது என்று காலையில் கேட்டு, அந்தத் தடையை அன்றைக்கே எடுத்துவிடுகிற மேலாளர், மகிழ்ச்சிக்காக வேறு எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. வரவேண்டிய கையெழுத்து, கிடைக்காத அனுமதி, வாரக்கணக்கில் பழுதாகிக் கிடக்கும் பிரிண்டர், எதற்கென்றே தெரியாத மூன்று மணிக் கூட்டம். இவைதான் மனிதர்களின் நாளைத் தின்பவை.

கொண்டாட்டத்தில் யார் விடுபடுகிறார்கள்

கொண்டாட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவரோடு அருவியில் குளித்து, பஸ்ஸில் அந்தாக்ஷரி பாடி வந்த பிறகு திங்கட்கிழமை வேலை கொஞ்சம் லேசாகிறது என்பது உண்மை. ஆனால் அதை எப்போது, எப்படி வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால், வாரத்துக்கு ஒரே நாள் வீட்டில் இருக்கும் அம்மா விடுபடுவார், அல்லது வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டு வருவார். இரவு எட்டு மணிக்கு வைத்தால் செங்கல்பட்டுக்கோ திருவள்ளூருக்கோ கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர் விடுபடுவார். தலைக்கு ஆயிரம் ரூபாய் வசூல் என்றால் ஒப்பந்தத் தொழிலாளி விடுபடுவார். அவரைக் கூப்பிடவே மாட்டார்கள் என்பது அதைவிட மோசம். அதே தளத்தைத் துடைக்கிற அக்காவும், வாசலில் நிற்கிற காவலரும் கேக் வெட்டும்போது நினைவுக்கு வர வேண்டும். மது இருந்தால் இன்னும் பலர் விடுபடுவார்கள்.

வர விருப்பமில்லை என்று சொன்னவர் அதற்காக எந்த விலையும் கொடுக்கக் கூடாது. வருடாந்திர மதிப்பீட்டில் ‘குழுவோடு ஒட்டுவதில்லை’ என்று அவர் பெயருக்கு நேரே வந்துவிடக் கூடாது. பாரிஸ் வழக்கில் நீதிமன்றம் கையில் எடுத்தது இதைத்தான். நம் நாட்டுச் சட்டத்திலும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் வருடச் சட்டத்தில், வேலை தொடர்பாகப் போகும் வெளியிடங்களும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடமே. ஏற்காடு விடுதியில், திரும்பி வரும் பஸ்ஸில் நடப்பதும் புகார்க் குழுவின் வரம்புக்குள் வரும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா இடத்திலும் அந்தக் குழு இருக்க வேண்டும். ஜாலி என்ற பெயரில் பட்டப்பெயர் வைப்பதும், நிறத்தையும் உடம்பையும் ஊரையும் பேச்சு வழக்கையும் கிண்டல் செய்வதும் நம் அலுவலகங்களில் சர்வசாதாரணம். எல்லோரும் சிரிக்கும்போது கேலிக்கு ஆளானவரும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. அவருக்குப் பிடித்ததா என்று தனியாகக் கேட்க ஒரு நிமிடம் போதும், அதைக் கேட்க வேண்டியவர் குழுத் தலைவர்.

செய்துபார்க்க எளிதான ஒன்று இருக்கிறது. கொண்டாட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தையும் வேலை நேரத்தில் ஒரு மதியத்தையும் ஊழியர்கள் கையில் அப்படியே கொடுத்துவிடலாம். சுருட்டுத் தொழிலாளர்கள் நாவலுக்கு ஓட்டுப் போட்டதுபோல இவர்களும் முடிவு செய்யட்டும். கேரம் ஆடலாம், பிரியாணி வாங்கலாம், நூலகம் வைக்கலாம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றுகூட முடிவு செய்யலாம். கடைசியாகச் சொன்னதுதான் ஜெயித்தது என்றால் நிர்வாகம் கோபப்படாமல் அதன் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்தில் கூட வேலை செய்ய ஆளே இல்லாத வேலைகளும் இருக்கின்றன. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் வீட்டிலேயே பீடி சுற்றும் பெண்களுக்குப் பட்டறை என்ற ஒன்றே இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு திண்ணையில் சேர்ந்தால் உண்டு. வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்கிறவருக்கும் டீக்கடை இல்லை. உணவும் பொருளும் கொண்டு தரும் இளைஞர்கள் நாள் முழுக்க செயலியின் கட்டளையில் ஓடுகிறார்கள், அவர்களுக்கு மேலாளர்கூட மனிதர் இல்லை. உணவகங்களின் வாசலில், மர நிழலில், வண்டிமேல் சாய்ந்தபடி அவர்கள் பேசிக்கொள்ளும் ஐந்து நிமிடம்தான் அவர்களுடைய வாழைப்பழ நேரம். 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் இவர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வுக்கூடங்களைத் திறந்தது. உட்கார இடம், கழிப்பறை, செல்போன் சார்ஜ் செய்யும் வசதி, வண்டி நிறுத்த இடம் எல்லாம் உண்டு. போட்டி நிறுவனங்களின் சட்டை போட்டவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இடம் அது. வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் சாலை, போரூர், தாம்பரம் என்று ஆர்டர் குவியும் பகுதிகளுக்கும், கோவைக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் இது வர வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்துக்காக அவர்களுடைய ஊக்கத்தொகையை வெட்டாதபடி செயலி நிறுவனங்களின் விதியும் மாற வேண்டும்.